பீட் மண்ணைப் படிப்பது எப்படி: சதுப்பில் முதன்முறை இறங்குவோருக்கு

உதகையைச் சுற்றியுள்ள புல்மேடுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் பள்ளங்களில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். தரை மெத்தைபோல் அமுங்கி எழும். பக்கத்தில் ஒருவர் குதித்தால் நம் காலடி அசையும். கையளவு தோண்டினால் கறுத்த, நார் நாரான மண் வரும். பிழிந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டும். அதுதான் பீட். பாடநூல்கள் முற்றா நிலக்கரி என்கின்றன. களத்தில் வேலை செய்பவர்கள் பீட் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

நீர் தேங்கிய இடத்தில் மண்ணுக்குள் ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை. ஆகவே அங்கே செத்து விழும் புல்லும் கோரையும் பாசியும் முழுதாக மக்குவதில்லை. மக்குவதைவிடச் சேர்வது சற்றே அதிகமாக இருந்தால் போதும், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ பீட் உயர்ந்துகொண்டே போகும். அடியில் பழையது, மேலே புதியது. உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா போன்ற இடங்களில் சில மீட்டர் பீட்டுக்குள் பல்லாயிரம் ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்புகளிலும் 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு படிக்கப்பட்டிருக்கிறது.

அந்த மண்ணிலிருந்து பழைய மழையையும் பழைய காட்டையும் மீட்டெடுப்பது எப்படி என்பதைத்தான், முதுகலைத் திட்டக் கட்டுரைக்காகவோ சொந்த ஆர்வத்தாலோ புதிதாக வருபவர்களுக்குச் சொல்லப்போகிறேன். நீலகிரியை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வேறு சதுப்பில் இறங்கினாலும் படிகள் மாறாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வழக்கு மன்றத்தில் கண்ணால் கண்ட சாட்சியும் காதால் கேட்ட சாட்சியும் ஒன்றல்ல. பீட்டில் கிடைக்கும் தடயங்களும் அப்படித்தான். கோரை விதை விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அது அந்தச் சதுப்பைக் கண்ட சாட்சி. மகரந்தம் காற்றில் ஏறிப் பல கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கலாம். அது ஊர்ச் செய்தி சொல்லும் சாட்சி. எந்தத் தடயத்தைக் கையில் எடுத்தாலும் “நீ எங்கிருந்து வந்தாய்?” என்ற கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

இறங்குவதற்கு முன் மேலே பாருங்கள்

துளைக் கருவியோடு நேராகச் சதுப்புக்குள் ஓடாதீர்கள். முதல் இரண்டு நாள் வெறும் கையோடு நடங்கள். ஓடை உள்ளே புகுந்து வெளியேறும் சதுப்பு வேண்டாம். வெள்ளம் அடித்து வந்த வண்டலும், வேறிடத்துப் பழைய மண்ணும் கலந்துவிடும். பெரிய சதுப்பு அதிக தொலைவிலிருந்து மகரந்தத்தை வாங்கும். சிறிய பள்ளம் தன்னைச் சுற்றிய காட்டைப் பற்றியே அதிகம் பேசும். உங்கள் கேள்விக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். உருளைக்கிழங்கு, கேரட் போட்ட வயல் விளிம்பும், வடிகால் வெட்டிய இடமும் கூடாது. வடிகால் வெட்டினால் நீர்மட்டம் இறங்கி மேல் பீட் காற்று பட்டு மக்கத் தொடங்கிவிடும். கடைசிச் சில நூற்றாண்டுகள் கைக்குக் கிடைக்காது.

மெல்லிய இரும்புக் கம்பியை நேராக இறக்கிப் பத்து அடிக்கு ஓரிடம் ஆழம் பாருங்கள். அடியிலுள்ள களிமண்ணைத் தொட்டதும் கம்பி பிடிக்கும் விதமே மாறும். அந்த ஆழங்களைத் தாளில் குறித்தால் பள்ளத்தின் உருவம் தெரிந்துவிடும். ஆழமான, நடுவான இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அதே நடையில் இன்று அங்கே வளரும் செடிகளையெல்லாம் சேகரியுங்கள். சதுப்பின் நடுவில் என்ன, விளிம்பில் என்ன, சரிவில் என்ன, சோலைக்குள் என்ன என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் இலை, விதை, பூ எடுத்துத் தாளில் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு கறுத்த விதை கிடைக்கும்போது, புத்தகத்தைவிட இந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

செடிகளை அறிந்த உள்ளூர் மக்களிடம் கேளுங்கள். தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்வதற்கென்று சதுப்பில் வளரும் ஒருவகைப் புல்லைத் தேடி எடுப்பவர்கள். எந்தப் பள்ளத்தில் என்ன வளர்கிறது, எது குறைந்துபோனது என்பதை எந்த வரைபடத்தையும்விட நன்றாகச் சொல்வார்கள். அந்தப் புல் பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் மறுபடி வரும்.

காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்கூட எடுக்கக்கூடாது. தனியாகவும் போகாதீர்கள். காட்டெருமைகள் மேய வரும் இடங்கள் இவை. இடுப்பளவு புதையும் குழிகளும் உண்டு.

மண் உருளை எடுத்தல்

இதற்கென்று உள்ள கருவிக்கு ரஷ்யத் துளைக் கருவி என்று பெயர். நீளவாக்கில் பாதியாகப் பிளந்த குழாயும், அதை மூடும் தட்டையான தகடும் கொண்டது. மூடிய நிலையில் வேண்டிய ஆழத்துக்கு இறக்கிக் கைப்பிடியை அரைவட்டம் திருப்பினால், பாதிக் குழாய் பக்கவாட்டிலுள்ள பீட்டை வெட்டி உள்ளே பிடித்துக்கொள்ளும். மேலிருந்து அழுத்திக் குத்தும் குழாய்களில் பீட் நசுங்கிவிடும், இதில் நசுங்குவதில்லை. பெரும்பாலும் 50 செ.மீ. நீளம் எடுக்கலாம்.

ஒரே துளையில் தொடர்ந்து இறக்காதீர்கள். கருவியின் முனை கீழ் மண்ணைக் கலைத்திருக்கும். ஓரடி இடைவெளியில் இரண்டு துளைகள் வைத்துக்கொண்டு மாறி மாறி எடுங்கள்: முதல் துளையில் 0 முதல் 50, இரண்டாம் துளையில் 40 முதல் 90, மீண்டும் முதல் துளையில் 80 முதல் 130. பத்து சென்டிமீட்டர் மேல்பொருந்தி வருவதால் விடுபட்ட இடம் இருக்காது.

கருவியைத் திறந்த முதல் நிமிடத்தைத் தவற விடாதீர்கள். காற்றுப் படாத பீட் வெளிர்ப் பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். புல்லின் தட்டை மஞ்சள் நிறத்தில் மின்னியது சில நிமிடங்களில் மறைந்துபோவதை நேரில் கண்டால்தான், எத்தனை ஆயிரம் ஆண்டு அது ஆக்சிஜன் இல்லாமல் கிடந்தது என்பது உறைக்கும். அளவுகோலை அருகில் வைத்து உடனே படம் எடுங்கள். நிறத்தையும் அடுக்கு மாறும் இடங்களையும் அங்கேயே எழுதுங்கள்.

பிறகு நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாய்க்குள் உருளையை நகர்த்தி வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேல், கீழ் என்று இரு முனையிலும் எழுதுங்கள். நான் எடுத்த முதல் தொகுதியில் ஓர் உருளைக்கு மட்டும் இதை எழுதாமல் விட்டுவிட்டேன். ஆய்வகத்தில் அதன் இரு முனைகளும் ஒரே மாதிரி இருந்தன. அந்த 50 செ.மீ. முழுவதையும் கைவிட்டுவிட்டு அடுத்த பருவத்தில் மறுபடி போனேன்.

மெழுகு, கொழுப்பு போன்ற வேதித் தடயங்களுக்கான துண்டுகளை மட்டும் பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள்கள் கருவி வரையும் கோட்டில் உயர்ந்த சிகரங்களாகத் தெரியும். அலுமினியத் தாளில் சுற்றுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் எண்ணெயில் ஸ்குவாலீன், கொலஸ்ட்ரால் இரண்டும் உண்டு. கைக்குப் பூசும் களிம்பு அதைவிடக் கெடுதல். எல்லாவற்றையும் 4 டிகிரியில், இருட்டில் வையுங்கள்.

கையால் பிழிந்து பார்த்தல்

லென்னார்ட் ஃபான் போஸ்ட் என்ற ஸ்வீடன் நிலவியலாளர் பீட் எவ்வளவு மக்கியிருக்கிறது என்பதை அளக்கப் பத்துப் படிகள் வகுத்தார். கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி ஈர பீட்டை எடுத்து இறுகப் பிழியுங்கள். தெளிந்த நீர் வந்து, கையில் செடி அப்படியே நின்றால் முதல் படி. கலங்கிய நீர் வந்து, செடியின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் நடுப்படிகள். பிழிந்தது மொத்தமும் களிம்புபோல விரலிடுக்கில் வழிந்து வெளியேறிவிட்டால் பத்தாம் படி. பத்துப் பிடி பிழிந்த பிறகு கை தானாகவே பழகிவிடும்.

மேற்பரப்பு ஈரமாகவே இருந்த காலத்தில் சேர்ந்த பீட் குறைவாக மக்கியிருக்கும். வறண்டு, காற்றுப் பட்ட காலத்துப் பீட் அதிகம் மக்கியிருக்கும். வடக்கு ஐரோப்பாவில் ஸ்பாக்னம் பாசியால் ஆன சதுப்புகளில் இந்தக் கணக்கு நன்றாக ஒத்துவருகிறது. நீலகிரியில் புல்லும் கோரையும்தான் பெரும்பகுதி. இரண்டும் வேறு வேறு வேகத்தில் மக்கும். ஆகவே மக்கிய அளவு மாறியிருந்தால் ஈரம் மாறியதா, செடி மாறியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எரித்துப் பார்ப்பது. சிறு பீங்கான் கிண்ணத்தில் மாதிரியை 105 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி எடை போடுங்கள். 550 டிகிரி உலையில் நான்கு மணி நேரம் எரித்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் செடியிலிருந்து வந்த பகுதி. மிஞ்சிய சாம்பல் பெரும்பாலும் மண். செலவு மிகக் குறைந்த இந்தச் சோதனையை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் செய்துவிடுங்கள். சாம்பல் திடீரென்று கூடும் இடத்தில் மேட்டுச் சரிவிலிருந்து மண் அரித்து வந்திருக்கிறது. காடு அழிந்ததாலா, பெருமழையாலா என்பதை அந்த ஆழத்திலுள்ள மற்ற சாட்சிகளிடம் கேட்க வேண்டும்.

கண்ட சாட்சி: விதை, இலை, தோல்

ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டும்போதே உருளையில் பாதியைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்யும் பாதியிலிருந்து ஐந்து கன சென்டிமீட்டர் எடுத்து, நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூட்டில் சிறிது நேரம் வைத்தால் மக்கிய பசை கரைந்து பிரியும். 125 மைக்ரான் சல்லடையில் ஊற்றி, மெல்லிய நீரால் கழுவி, மிஞ்சியதைக் கண்ணாடித் தட்டில் தண்ணீரோடு பரப்புங்கள். பத்து முதல் ஐம்பது மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி போதும்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தமான பகுதி இதுதான். முதலில் பழுப்புக் குப்பையாகத் தெரியும். ஊசியால் மெதுவாக விலக்க விலக்க உருவங்கள் பிரிந்து வரும். கோரையின் விதை சில இனங்களில் மூன்று விளிம்போடு, சிலவற்றில் குவிவில்லைபோல் இருபுறமும் புடைத்து, மினுமினுப்பாக இருக்கும். பெரணியின் வித்துப்பை, பல் வைத்த வளையத்தோடு சுருண்டு கிடக்கும். வண்டின் இறக்கை உறை பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும். ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்த நிறம் போவதில்லை. புல்லிலையின் மேல்தோல் துண்டு கிடைத்தால் அதிக பெருக்கத்தில் பாருங்கள்: செங்கல் அடுக்கியதுபோன்ற செல்களுக்கு நடுவே உடற்பயிற்சிக்குத் தூக்கும் டம்பெல் வடிவத்தில் சிறு சிலிக்கா மணிகள் வரிசையாக நிற்கும்.

இவையெல்லாம் அந்த இடத்திலேயே வாழ்ந்தவை. நீரில் மூழ்கி வளரும் செடியின் விதை இருந்தால் அங்கே நீர் நின்றது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பொறி உண்டு. வேர். சல்லடையில் தங்குவதில் பெரும்பகுதி மெல்லிய வேர்களாகத்தான் இருக்கும். அவை மேலே, பிற்காலத்தில் வளர்ந்த செடி கீழே அனுப்பியவை. ஆழத்தில் கிடைப்பதால் பழையது என்று நம்பிவிடாதீர்கள்.

வயது

அந்தப் பொறி கடிக்கும் இடம் இதுதான். உயிருள்ள செடி காற்றிலிருந்து கார்பன் 14 எடுத்துக்கொள்கிறது. இறந்த பிறகு அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை இதை வைத்து வயது சொல்லலாம். இந்த முறையை உருவாக்கியதற்காக வில்லர்ட் லிபிக்கு 1960இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் கிராம் கணக்கில் பொருள் வேண்டியிருந்தது. இன்று முடுக்கிகளோடு இணைந்த கருவிகளுக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் இருந்தாலே போதும். ஆகவே மொத்த பீட்டையும் அனுப்பத் தேவையில்லை. விதை, இலைத் துண்டு, கரித்துணுக்கு போன்றவற்றை நீங்களே பொறுக்கி, வேரை முற்றிலும் நீக்கி அனுப்புங்கள். நீருக்குள் வளரும் செடிகளைத் தவிருங்கள். நீரில் கரைந்த பழைய கார்பனை அவை எடுத்திருந்தால் வயது கூடித் தெரியும்.

கையிலுள்ள பணம் முழுவதற்கும் ஒரே தடவையில் மாதிரி அனுப்பாதீர்கள். முதலில் மூன்று: அடி, நடு, மேற்பகுதி. முடிவு வந்ததும் எங்கே சேர்ந்த வேகம் மாறியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடங்களுக்கு மட்டும் அடுத்த மாதிரிகள். கணக்குக்காகச் சொல்கிறேன்: இரண்டு மீட்டரில் 20,000 ஆண்டு என்றால் ஒரு சென்டிமீட்டர் துண்டு சராசரியாக 100 ஆண்டு. அப்படியென்றால் “அந்த ஒரு வறட்சி ஆண்டு” என்று உங்கள் பீட்டிலிருந்து ஒருபோதும் பேச முடியாது. இடையில் பீட் சேராமல் நின்ற காலமும் இருக்கலாம். சாம்பல் வரைகோட்டில் வரும் திடீர் முறிவு அதைக் காட்டிக்கொடுக்கும்.

கருவி தரும் எண் நேரடியாக நாள்காட்டி ஆண்டு அல்ல. காற்றிலுள்ள கார்பன் 14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. மர வளையங்களைக் கொண்டு திருத்திய அட்டவணையோடு பொருத்திய பிறகே அது ஆண்டாகிறது. “இன்றைக்கு முன்” என்று எழுதும்போது அந்த “இன்று” 1950 என்பது மரபு. கடைசி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு, 22 ஆண்டு அரையாயுள் கொண்ட ஈயம் 210 பொருத்தமானது. அணுகுண்டுச் சோதனைகளின் உச்சமான 1963ஐச் சீசியம் 137 காட்டும்.

நீலகிரிக்கு இலவசமாக ஒரு தேதிக்கோடும் கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸும் சீகை என்று இங்கே அழைக்கப்படும் வாட்டில் மரமும் இந்த மலைகளில் நடப்பட்டன. அவற்றின் மகரந்தம் தெரியத் தொடங்கும் ஆழம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. வாட்டில் மகரந்தம் பல மணிகள் ஒட்டிய சிறு உருண்டையாக இருப்பதால் எளிதில் பிடிபடும். யூகலிப்டஸில் கவனம் வேண்டும்: சோலையில் இயற்கையாகவே வளரும் நாவல் இனங்களும் அதே குடும்பம், இரண்டின் மகரந்தமும் முக்கோணமாகத்தான் இருக்கும்.

கேட்ட சாட்சி: மகரந்தம்

பிழிந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்த அதே ஃபான் போஸ்ட்தான், 1916இல் பீட் அடுக்குகளிலுள்ள மகரந்தத்தை எண்ணி, நூற்றுவீதமாக வரைந்து, காடுகளின் வரலாற்றைக் காட்டினார். இன்றும் அதே முறைதான். மகரந்தத்தின் வெளி ஓடு அவ்வளவு எளிதில் அழியாது. ஆகவே மற்றதையெல்லாம் அமிலத்திலும் காரத்திலும் கரைத்துவிட்டு அதை மட்டும் மிச்சமாக்குகிறோம்.

மணலைக் கரைக்கப் பயன்படும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோல் வழியாக ஊடுருவி எலும்பு வரை போய் உயிரைப் பறிக்கக்கூடியது. கல்லூரி ஆய்வகத்தில், வீட்டில், பயிற்சி இல்லாமல், எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். லக்னோவிலுள்ள பீர்பல் சாஹ்னி நிறுவனம், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற, இதற்கென்றே வசதியுள்ள இடங்களை நாடுங்கள். புதுச்சேரியில் பல்லாயிரம் மகரந்த வில்லைகள் கொண்ட ஒப்பீட்டுத் தொகுப்பு இருக்கிறது. அது தணிகைமணி என்ற தமிழ் அறிவியலாளரின் பெயரைத் தாங்கியது. 1986இல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் உயிரிழந்தார். தென்னிந்திய மகரந்தம் எதையாவது அடையாளம் காண முயல்பவர்கள் இன்றும் அவர் உழைப்பின் மேல்தான் நிற்கிறோம்.

ஒரு மாதிரிக்கு முந்நூறு மணிகளாவது எண்ணுங்கள். இங்கேதான் “எங்கிருந்து வந்தாய்?” என்ற கேள்வி முழு வலிமையோடு வருகிறது. புல்லும் கோரையும் சதுப்பிலேயே நிற்பதால் எண்ணிக்கையில் மற்றவற்றை மூழ்கடித்துவிடும். கோரையைத் தனியே பிரித்துவிட்டு நூற்றுவீதம் போடுவது வழக்கம். சோலை விளிம்பில் சிவந்து பூக்கும் காட்டுப்பூவரசை எடுத்துக்கொள்ளுங்கள். பறவையும் பூச்சியும் தேடி வரும் பூ அது. மகரந்தத்தைக் காற்றில் வாரி இறைப்பதில்லை. நான்கு மணிகள் ஒட்டிய அதன் கொத்து இரண்டே இரண்டு கிடைத்தாலும் மரம் பக்கத்தில் நின்றது என்று பொருள். காற்றில் பறக்கும் மகரந்தமோ இருபது இருந்தாலும் பக்கத்து மலையிலிருந்து வந்திருக்கலாம்.

இன்னொரு சங்கடம் புல். புல் மகரந்தம் எந்த இனமானாலும் ஒரே உருண்டை, ஒரே துளை, துளையைச் சுற்றி ஒரு வளையம். மலைப் புல்வெளியில் நிற்கும் பல வகைப் புற்களையும் அது ஒன்றாகவே காட்டும். நீலகிரியில் இது பெரிய இழப்பு. ஏனென்றால் இங்கே கேள்வியே எந்த வகைப் புல் என்பதுதான்.

கார்பன் சொல்லும் கதை

செடிகள் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் வழிகள் இரண்டு பெரும்பிரிவு. மரங்கள், பெரணிகள், குளிர்ந்த இடத்துப் புற்கள் சி3 வழி. வெப்பமும் வறட்சியும் தாங்கும் பல புற்கள் சி4 வழி. இரண்டும் கார்பன் 13 என்ற சற்றே கனமான ஐசோடோப்பை வெவ்வேறு அளவில் ஒதுக்குகின்றன. ஒரு பொதுத் தரத்தைவிட ஆயிரத்தில் எத்தனை பங்கு குறைவு என்ற அளவில் சி3 செடிகள் மைனஸ் 27ஐ ஒட்டியும், சி4 செடிகள் மைனஸ் 13ஐ ஒட்டியும் இருக்கும். செடி மக்கினாலும் இந்த வேறுபாடு பெரும்பாலும் தங்கிவிடுகிறது. மகரந்தம் பிரித்துக் காட்டாததை இது பிரித்துக் காட்டிவிடும்.

செய்முறை எளிது. வேர்களைப் பொறுக்கி நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, உலர்த்தி, மாவாக அரைத்து, மில்லிகிராம் கணக்கில் வெள்ளீயக் குப்பியில் மடித்துக் கொடுத்தால் கருவி எண்ணைத் தரும். மைனஸ் 20 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 27க்கும் 13க்கும் இடையே 14. 27லிருந்து 20 வரை 7. ஆக ஏறத்தாழ பாதி சி4.

இந்த வழியில்தான் ராமன் சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் நீலகிரி பீட்டிலிருந்து 20,000 ஆண்டு வரலாற்றை 1993இல் வெளியிட்டார்கள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் எட்டும் மலை இது. பனியுகத்தின் உச்சத்தில் இங்கே வறட்சி; பிறகு பருவமழை வலுத்தது; ஏறத்தாழ 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன் மறுபடி வறண்ட காலம்; 600 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு ஈரக் காலம் என்று அவர்கள் கண்டார்கள். பின்னர் வேறோர் உருளையைக் கொண்டு இந்தப் பதிவு 40,000 ஆண்டு வரை நீட்டப்பட்டது.

இதைப் படித்த புதியவர்கள் சி4 என்றால் வறட்சி என்று மனப்பாடம் செய்துகொள்வதைப் பார்க்கிறேன். அவசரப்படாதீர்கள். பனியுகத்தில் காற்றிலிருந்த கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்தில் 190 பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280. அந்தக் குறைவு மட்டுமே சி4 புற்களுக்குச் சாதகம். மழை அப்படியே இருந்தாலும் அவை பெருகியிருக்கலாம். தோடர்கள் கூரை வேயும் அந்தப் புல்லை மறந்திருக்க மாட்டீர்கள். அது எரியோகிரைசிஸ் இனம். ஈரச் சதுப்பில்தான் வளர்கிறது. ஆனால் அது சேர்ந்த பிரிவு முழுவதுமே சி4. கோரைகளிலும் சி3, சி4 இரண்டும் உண்டு. ஆக மைனஸ் 16 என்ற எண், வறண்ட மேட்டிலிருந்தும் வரலாம், முழங்காலளவு நீரிலிருந்தும் வரலாம். எது என்று சொல்ல வேண்டியது சல்லடையில் கிடைத்த விதையும் தோலும்தான்.

இலை மெழுகு

இலைகளின் மேல் பூசியிருக்கும் மெழுகில் ஆல்கேன் என்ற நீண்ட கார்பன் சங்கிலிகள் உண்டு. செடிக்குச் செடி நீளம் மாறும். நீரில் மூழ்கியோ மிதந்தோ வளரும் செடிகளிலும் ஸ்பாக்னம் பாசியிலும் 23, 25 கார்பன் சங்கிலிகள் அதிகம். நிலத்துச் செடிகளில் 29, 31. புற்களில் பெரும்பாலும் 31, 33.

உலர்த்திய பீட்டைக் கரிமக் கரைப்பானில் ஊறவைத்து மெழுகை இறக்கி, சிலிக்கா தூள் நிரப்பிய சிறு குழாயில் ஹெக்சேன் ஊற்றி ஆல்கேனை மட்டும் பிரித்து, வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் செலுத்துவார்கள். திரையில் சீப்பின் பற்கள்போல் சிகரங்கள் வரும். ஒன்று உயரம், அடுத்தது குட்டை என்று மாறி மாறி. செடிகள் ஒற்றைப்படை நீளங்களையே அதிகம் செய்வதால் இப்படி. எல்லாப் பற்களும் ஒரே உயரத்தில் வந்தால், டீசல், கிரீஸ் போன்ற ஏதோ ஒன்று மாதிரியில் புகுந்துவிட்டது. அந்த எண்களைப் பயன்படுத்தாதீர்கள்.

கென்யா மலையிலுள்ள ஏரிகளைப் படித்து 2000இல் ஒரு குறியீடு உருவாக்கினார்கள். 23, 25 இரண்டின் கூட்டலை, 23, 25, 29, 31 நான்கின் கூட்டலால் வகுக்க வேண்டும். உதாரணமாக அளவுகள் முறையே 20, 30, 80, 70 என்றால், 50ஐ 200ஆல் வகுக்க 0.25. பொதுவாக 0.1க்குக் கீழே நிலத்துச் செடி; 0.4 வரை நீரில் வேரூன்றி மேலே எழும் செடி. அதற்கு மேல் மூழ்கியும் மிதந்தும் வளர்பவை. ஏரியில் பிறந்த அளவுகோல் உங்கள் சதுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளில் சேகரித்து அழுத்தி வைத்த செடிகள் இருக்கின்றனவே, அவற்றின் மெழுகை முதலில் அளந்து பாருங்கள். உங்கள் ஊர் அளவுகோல் அதிலிருந்துதான் வரும்.

சேர்த்துப் படித்தல்

எல்லா அளவுகளையும் ஒரே தாளில், ஆழம் மேலிருந்து கீழாக வர, பக்கம் பக்கமாக வரையுங்கள். இடப்பக்கம் கண்ட சாட்சிகள்: விதை, இலைத் தோல், மெழுகு. நடுவில் இரண்டும் கலந்தவை: கார்பன் ஐசோடோப்பு, சாம்பல். வலப்பக்கம் தொலைவிலிருந்து வந்தவை: மகரந்தம், நுண்ணிய கரித்தூள். ஓர் ஆழத்தில் மைனஸ் 15, மெழுகுக் குறியீடு 0.05, சதுப்புச் செடி விதை எதுவும் இல்லை, சோலை மர மகரந்தமும் குறைவு என்றால் வறட்சி என்று எழுதலாம். அதே மைனஸ் 15, ஆனால் குறியீடு 0.35, கோரை விதை நிறைய, சோலை மகரந்தம் குறையவே இல்லை என்றால், சதுப்பு ஈரமாகத்தான் இருந்தது. அதற்குள் வளர்ந்த செடி மாறியிருக்கிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு கதை.

சாட்சிகள் முரண்படும் இடத்தை மறைக்காதீர்கள். இடப்பக்கம் ஈரம் என்றும் வலப்பக்கம் வறட்சி என்றும் சொன்னால், அந்தப் பள்ளத்துக்கு மட்டும் ஊற்று நீர் கிடைத்திருக்கலாம். அதைச் சோதிக்கச் சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சதுப்பில் அதே காலத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்று சொன்னால்தான் பருவமழையைப் பற்றிப் பேச வாய் திறக்கலாம். அளந்ததை ஒரு பத்தியிலும், அதிலிருந்து நீங்கள் நினைப்பதை அடுத்த பத்தியிலும் தனித்தனியாக எழுதுங்கள். பத்தாண்டு கழித்து உங்கள் விளக்கம் மாறலாம். எண்கள் அப்படியே பயன்பட வேண்டும்.

களத்தில் எடுத்த துளையை அங்கிருந்தே வெட்டிய புல்கட்டியால் அடைத்துவிட்டு வாருங்கள்; திறந்து விட்டால் அந்த வழியாகக் காற்று இறங்கும். தொடாமல் வைத்த பாதி உருளையைக் குளிர்பெட்டியில் வைக்கும்போது, நீரில் அழியாத மையால் இவ்வளவும் எழுதுங்கள்: சதுப்பின் பெயர், இருப்பிட எண்கள், துளை எண், ஆழம், மேல் எது கீழ் எது, எடுத்த நாள், எடுத்தவர்கள் பெயர்.